மனைவி அமெரிக்கர், கணவர் இந்தியர், வீடு சிங்கப்பூரில்

ஒரு தம்பதியை எண்ணிக்கொள்வோம். மனைவி நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகள். வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தவர், அங்கேயே வேலை பார்க்கும் மதுரைக்காரர் ஒருவரை விரும்பினார். இரு வீட்டாரும் கலந்து பேசி மதுரையில் கல்யாணத்தை முடித்தார்கள். எட்டு மாதங்கள் ஆகின்றன. இப்போது நியூ ஜெர்சியில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. மகள் திரும்பிப் போக வேண்டும், கணவரோடு. உறவினர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது இதுதான்: "நீதான் சிட்டிசனாச்சே, மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போக என்னம்மா கஷ்டம்?"

இந்தத் தம்பதி கற்பனைதான். ஆனால் இவர்களுடைய நிலையில் இருப்பவர்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் லண்டனிலும் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். மென்பொருள் வேலைக்காக அமெரிக்கா போனவர்களின் பிள்ளைகள் இன்று கல்யாண வயதில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அமெரிக்காவுக்கு வெளியே வேலை பார்க்கிறார்கள். குடியுரிமை வாங்கிய பிறகு பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர்களும் உண்டு. கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொண்டு மறுபடி அமெரிக்கா போகும் வேளை வரும்போது, இவர்கள் எல்லாருமே ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள்.

அந்த இடம் பெரும்பாலானவர்கள் பயப்படும் இடமன்று. கல்யாணம் உண்மைதான் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டுமே என்றுதான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். ஆல்பங்களைத் தேடுகிறார்கள், வாட்ஸ்அப் உரையாடல்களை அச்செடுக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் வாழும் தம்பதிக்கு இது எளிதான பகுதி. அவர்களை உண்மையில் வாட்டுவது வேறு இரண்டு கேள்விகள். உன் வீடு எங்கே? அங்கே உனக்கு வருமானம் எங்கிருந்து வரும்? இரண்டுமே அமெரிக்கக் குடிமகளைப் பார்த்துக் கேட்கப்படுபவை. விசா கேட்பவர் கணவர். பரீட்சை எழுதுபவர் மனைவி.

அடைக்கப்பட்ட வழி

எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஐ-130 என்னும் மனு. இவர் என் கணவர், இவரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விரும்புகிறேன் என்று குடிமகள் அரசுக்குத் தரும் விண்ணப்பம் அது. கூடவே கணவரின் விவரங்களுக்காக ஐ-130ஏ. இதை வாங்கிப் பரிசீலிப்பது யு.எஸ்.சி.ஐ.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் குடியேற்றச் சேவை அமைப்பு. 2024 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இணையம் வழியே போட்டால் கட்டணம் 625 டாலர். காகிதத்தில் அனுப்பினால் 675. சிங்கப்பூரில் உட்கார்ந்தபடியே இணையத்தில் போட்டுவிடலாம், அதற்காக அமெரிக்கா போக வேண்டியதில்லை.

முன்பு இதைவிட நல்ல வழி ஒன்று இருந்தது. வெளிநாட்டில் குடியிருக்கும் அமெரிக்கர், தாம் வாழும் நாட்டிலுள்ள அமெரிக்க அலுவலகத்திலேயே மனுவைக் கொடுக்கலாம். மனுவும் விசாவும் ஒரே ஊரில் முடிந்துவிடும் என்பதால் சில மாதங்களில் வேலை முடிந்தது. 2011 ஆகஸ்ட் 15 முதல், யு.எஸ்.சி.ஐ.எஸ். அலுவலகம் இல்லாத நாடுகளில் இந்த வழி பொதுவாக அடைபட்டது. டெல்லி போல அலுவலகம் இருந்த இடங்களில் மட்டும் தொடர்ந்தது. பிறகு அந்த வெளிநாட்டு அலுவலகங்களையும் அரசு ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியது. 2020 பிப்ரவரி முதல் தேதியோடு மிச்சமிருந்த வழியும் முடிந்தது.

இன்று விதிவிலக்காக மட்டுமே தூதரகங்கள் மனுவை நேரில் வாங்குகின்றன. மருத்துவ அவசரம், உயிருக்கு ஆபத்து, குறுகிய அவகாசத்தில் அமெரிக்காவுக்கு வேலை மாற்றம், வயது வரம்பைத் தாண்டப்போகும் பிள்ளை, அண்மையில் குடியுரிமை பெற்றவர் என்று காரணங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அமெரிக்க ராணுவத்தினருக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. நம் கற்பனைப் பெண்ணின் நிறுவனம் அவரை நியூயார்க் கிளைக்குத் திடீரென மாற்றினால், அந்தக் கடிதத்தோடு தூதரகத்துக்கு எழுதிக் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். கேட்காமல் விடுவதுதான் தவறு.

இந்த வழியை அடைத்தது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். அமெரிக்காவுக்குள் வாழும் குடிமகள் மனுப் போட்டுவிட்டுத் தன் வீட்டில் காத்திருக்கிறார். வெளிநாட்டில் வாழும் குடிமகள் காத்திருப்பது, வேலை இருக்கும்வரைதான் இருக்கலாம் என்ற அனுமதியில் தங்கியுள்ள ஒரு நாட்டில். இன்று மனுப் பரிசீலனைக்கே ஓராண்டும் அதற்கு மேலும் ஆகிறது. அதற்குள் சிங்கப்பூர் வேலை போய்விட்டால் சில வாரங்களில் வீட்டைக் காலிசெய்து கிளம்ப வேண்டும். மனைவி நியூ ஜெர்சிக்கு, கணவர் மதுரைக்கு. சேர்ந்து வாழ்வதற்காகப் போட்ட மனு நிலுவையில் இருக்கும்போதே இருவரும் பிரிய நேரிடும்.

அப்படி ஊர் மாறினால் நேர்காணல் நடக்கும் இடமும் மாற வேண்டியிருக்கும். 2025 நவம்பர் முதல் குடியேற்ற விசா நேர்காணல்கள் விண்ணப்பதாரர் வசிக்கும் நாட்டிலோ அவர் குடியுரிமை பெற்ற நாட்டிலோதான் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை இறுக்கியிருக்கிறது. கணவர் சிங்கப்பூரில் இருக்கும்வரை சிங்கப்பூர். மதுரை திரும்பினால், இந்தியாவின் குடியேற்ற விசாக்களில் பெரும்பாலானவற்றைக் கவனிக்கும் மும்பை. (மும்பைக்குரிய வழக்கு எண்கள் இன்றும் பி.எம்.பி. என்றுதான் தொடங்குகின்றன, அங்கே பம்பாய் என்ற பெயர் இன்னும் மாறவில்லை.)

கல்யாணத்துக்குச் சாட்சி

கோயிலில் தாலி கட்டினாலும், மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டாலும், அமெரிக்க அரசு கேட்பது அரசாங்கப் பதிவுச் சான்றிதழை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத்தவர் திருமணமானாலும் பதிவு கட்டாயம். 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாட்கள் கிடைக்கும். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாளே விமானம் ஏறும் வெளிநாட்டுத் தம்பதிகள் இதைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள். மறுவீட்டு விருந்தைக்கூட ஒத்திப்போடலாம், பதிவை ஒத்திப்போடக் கூடாது. சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களும் கவலைப்பட வேண்டாம். 1967இல் அண்ணா ஆட்சியில் வந்த திருத்தம் அதைச் சட்டபூர்வமாக்கிவிட்டது. புரோகிதர் இல்லை என்பதற்காக யாரும் சான்றிதழை மறுக்க முடியாது.

சான்றிதழுக்கு அப்பால், விசாவுக்காக மட்டும் செய்த கல்யாணம் இது இல்லை என்று காட்ட வேண்டும். இங்கேதான் ஒன்றாக வாழ்பவர்களின் கை ஓங்குகிறது. இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, ஒருவரை ஒருவர் நாமினியாகக் காட்டிய காப்பீடு, ஒரே முகவரிக்கு வரும் கடிதங்கள், சேர்ந்து போன பயணங்கள். குழந்தை பிறந்திருந்தால் அதன் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி. கடல் கடந்து பிரிந்து வாழும் தம்பதிகள் தொலைபேசிப் பதிவுகளையும் பண அனுப்பீட்டு ரசீதுகளையும் அடுக்கி எட்ட முயலும் நிலையில் இவர்கள் அன்றாட வாழ்க்கையாலேயே இருக்கிறார்கள். ஆல்பத்தில் இருக்கும் எல்லாப் படங்களையும் அனுப்ப வேண்டாம். முகூர்த்தம், இரு குடும்பங்களும் சேர்ந்து நிற்கும் படம், பிறகு வந்த தீபாவளி, பயணம் என்று காலவரிசையில் சில படங்கள் போதும்.

வீடு எங்கே?

மனு ஏற்கப்பட்டதும் கோப்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மத் நகரிலுள்ள தேசிய விசா மையத்துக்குப் போகிறது. அங்கே விசா கட்டணம் 325 டாலர், ஆதரவுப் பத்திரத்தைப் பரிசீலிக்க 120 டாலர். அந்த ஆதரவுப் பத்திரம்தான் ஐ-864. வெளிநாட்டில் வாழும் குடிமக்கள் பலர் கால் இடறும் படி இதுதான்.

வந்து குடியேறுபவர் அரசாங்க உதவியை எதிர்பார்த்து நிற்க மாட்டார், அவரை நான் தாங்குவேன் என்று குடிமகள் தரும் வாக்குறுதி இது. 1996ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இதை நீதிமன்றத்தில் வழக்காடத்தக்க ஒப்பந்தமாக மாற்றியது. கையெழுத்துப் போடுபவருக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். ஒன்று, அவர் அமெரிக்காவில் வசிப்பவராக இருக்க வேண்டும். இரண்டு, அவருடைய வருமானம் அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

முதல் தகுதியைப் படித்ததும் சிங்கப்பூரில் இருக்கும் பெண்ணுக்குத் திக்கென்கிறது. அமெரிக்காவில் வசிக்கவில்லையே! சட்டம் இங்கே ஓர் இடம் விட்டிருக்கிறது. கணவர் அமெரிக்காவுக்குள் நுழையும் நாளுக்குள் தானும் அங்கே குடியேறிவிடுவேன் என்று நம்பத்தகுந்த செயல்களால் காட்டினால் போதும். வாயால் சொன்னால் செல்லாது. மூடாமல் வைத்திருக்கும் அமெரிக்க வங்கிக் கணக்கு, மாநில ஓட்டுநர் உரிமம், வெளிநாட்டிலிருந்தே போட்ட வாக்கு, அமெரிக்க நிறுவனங்களுக்கு அனுப்பிய வேலை விண்ணப்பங்களும் வந்த பதில்களும், பார்த்து வைத்த வாடகை வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளியில் கேட்ட இடம், சாமான்களை அனுப்ப வாங்கிய விலைப்புள்ளி, சிங்கப்பூர் வீட்டுக்காரருக்குக் கொடுத்த காலிசெய்யும் நோட்டீஸ். பெற்றோர் வீட்டில் தங்கப்போவதாக இருந்தால் அப்பாவின் கடிதமும் அந்த வீட்டின் பத்திர நகலும். தனித்தனியாகப் பார்த்தால் சின்னச் சின்னத் தாள்கள்தான். சேர்த்து வைத்தால் திரும்பிப் போகும் குடும்பம் ஒன்று அதிகாரியின் கண்ணுக்குத் தெரியும்.

இதை அறியாமல், மனைவி முன்கூட்டியே தனியாக அமெரிக்கா போய் மாதக்கணக்கில் காத்திருப்பது பரவலாக நடக்கிறது. முன்னால் போனால்தான் விசா கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. கைக்குழந்தையோடு ஒருத்தியைத் தனியே அனுப்புவதற்கு முன், தாள்களை ஒழுங்காகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். போதவில்லை என்று அதிகாரி சொன்னால் அப்போது போகலாம். சட்டம் கேட்காத பிரிவைத் தாமாக ஏற்றுக்கொண்ட குடும்பங்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஐந்து டாலர் விதி

அடுத்தது வருமான வரி. அமெரிக்கக் குடிமக்கள் உலகில் எங்கே வாழ்ந்தாலும், எங்கே சம்பாதித்தாலும், தங்கள் நாட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். குடியுரிமையை வைத்து இப்படி வரி கேட்கும் நாடுகள் உலகில் மிகச் சில. "இங்கேயே வரி கட்டுறோமே, அங்கே எதுக்கு?" என்று பலர் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்ததில் பெரும்பகுதிக்கு விலக்கு உண்டு. 2025ஆம் ஆண்டுக்கு அந்த உச்சவரம்பு 130,000 டாலர். ஆகவே பலருக்குக் கட்ட வேண்டிய வரி பூஜ்யமாகவே இருக்கும். ஆனால் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அந்த விலக்கே கிடைக்கும். வெளிநாட்டவரை மணந்து, தனியாகத் தாக்கல் செய்யும் குடிமகளுக்கு வருட வருமானம் ஐந்து டாலர் இருந்தாலே தாக்கல் கட்டாயம். ஐந்தாயிரம் என்று அச்சாக வேண்டியதை மாற்றி எழுதிவிடவில்லை, ஐந்துதான்.

ஐ-864 கடைசி ஆண்டின் வரிக் கணக்கைக் கேட்கிறது. இல்லையென்றால் கோப்பு அங்கேயே நிற்கும். வேண்டுமென்று மறைக்காமல், தெரியாமல் விட்டவர்களுக்கு வரித்துறை ஒரு வழி வைத்திருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளின் கணக்கையும், வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் கடந்த ஆறு ஆண்டுகளின் வங்கி அறிக்கையையும் தாக்கல் செய்து நேராக்கிக்கொள்ளலாம். வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு இதில் அபராதம் இல்லை. விசா மையத்தின் கடிதம் வந்த பிறகு இதைத் தொடங்கினால் மாதங்கள் ஓடிவிடும். ஐ-130 போடும் வாரத்திலேயே கணக்கரையும் பார்த்துவிடுவது நல்லது.

யார் கையெழுத்துப் போடுவது?

2025ஆம் ஆண்டின் அளவுப்படி இருவர் கொண்ட குடும்பத்துக்கு வேண்டிய வருமானம் ஆண்டுக்கு 26,437 டாலர். சிங்கப்பூரில் கணவன் மனைவி இருவர் சம்பளத்தையும் கூட்டினால் இதைப்போலப் பல மடங்கு வரும். அதில் ஒரு காசுகூடக் கணக்கில் சேராது. அமெரிக்கா போன பிறகும் அதே இடத்திலிருந்து தொடர்ந்து வரும் வருமானம் மட்டுமே செல்லும். நிறுவனம் அமெரிக்கக் கிளைக்கு மாற்றினாலோ, அங்கிருந்தபடி இதே வேலையைத் தொடரலாம் என்று கடிதம் தந்தாலோ சரி. வேலையை விட்டுவிட்டுப் போகிறவரின் வருமானம் சட்டத்தின் கண்ணில் பூஜ்யம்.

அப்போது சேமிப்பு கைகொடுக்கும். குடிமகளின் கணவருக்கு, குறையும் தொகையைப்போல மூன்று மடங்கு சொத்து காட்டினால் போதும். வருமானமே இல்லையென்றால் 26,437இன் மூன்று மடங்கு, அதாவது ஏறக்குறைய 79,000 டாலர். இதில் கணவரின் சேமிப்பும் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. ஓராண்டுக்குள் பெரிய நஷ்டமில்லாமல் பணமாக மாற்றக்கூடியதாகவும், அந்த நாட்டிலிருந்து வெளியே கொண்டுவரக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும். வங்கி வைப்பு நல்லது. மதுரையில் அண்ணன் தம்பிகள் பெயரில் பாகம் பிரிக்காமல் கிடக்கும் பூர்வீக வீட்டைக் காட்டி நம்பவைப்பது கடினம்.

அதுவும் போதாவிட்டால் இணை ஸ்பான்சர். அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ, சொந்தக்காரரோ நண்பரோ, யார் வேண்டுமானாலும் சேர்ந்து கையெழுத்துப் போடலாம். ஆனால் இணை ஸ்பான்சர் வந்துவிட்டதால் மனைவி தன் பத்திரத்தைக் கொடுக்காமல் இருக்க முடியாது. அமெரிக்காவில் குடியேறப் போகிறேன் என்பதை அவரே நிரூபித்தாக வேண்டும். பணத்தின் குறையைத்தான் இன்னொருவர் தீர்க்க முடியும், வீட்டின் குறையை முடியாது. "சித்தப்பா கையெழுத்துப் போட்டுட்டார், எல்லாம் முடிஞ்சது" என்று நிம்மதியாக இருந்தவர்கள் நேர்காணலில் திகைத்துப் போவது இதனால்தான்.

சித்தப்பாவிடம் இதைக் கேட்பதற்கு முன் அவருக்கும் முழுவதையும் சொல்லிவிட வேண்டும். நம் குடும்பங்களில் இது "ஒரு கையெழுத்துதானே" என்று போகிற போக்கில் நடந்துவிடுகிறது. அந்தப் பொறுப்பு எப்போது முடியும் தெரியுமா? வந்தவர் குடியுரிமை பெறும்போது, அல்லது அவர் கணக்கில் 40 காலாண்டு உழைப்பு, ஏறக்குறையப் பத்து ஆண்டுகள், சேரும்போது, அல்லது அவர் நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகும்போது, அல்லது இறக்கும்போது. விவாகரத்து அதை முடிக்காது. 2012இல் ஏழாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், பிரிந்த மனைவி வேலை தேடவில்லை என்பதைச் சொல்லி முன்னாள் கணவர் இந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. தாலி கட்டிய உறவு அறுந்த பிறகும் சித்தப்பாவின் கையெழுத்து உயிரோடு இருக்கும். அவர் தயங்கினால் அதை மனவருத்தமாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

மதுரை, துபாய், சிங்கப்பூர்: மூன்று ஊர்த் தாள்கள்

கணவர் நிரப்ப வேண்டியது டி.எஸ்-260 என்ற இணையப் படிவம். அதோடு பிறப்புச் சான்றிதழ், காவல்துறைச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், முந்தைய திருமணம் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு.

பிறப்புச் சான்றிதழில் நம்மூர்ச் சிக்கல்கள் பல. ஆஸ்பத்திரியில் பிறந்தவுடன் பதிந்ததால் குழந்தையின் பெயர் இடமே காலியாக இருக்கும் சான்றிதழ்கள் வீட்டுக்கு வீடு உண்டு. நகராட்சியிலோ மாநகராட்சியிலோ பெயரைச் சேர்த்துப் புதிதாக வாங்க வேண்டும். பதிவே இல்லையென்றால், பதிவு கிடைக்கவில்லை என்ற அதிகாரபூர்வச் சான்றும், அதற்குத் துணையாகப் பள்ளிச் சான்றிதழும், பிறப்பை அறிந்த மூத்த உறவினரின் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். பெயரும் ஒரு தொல்லை. பள்ளியில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நீண்டிருக்கும், திருமணச் சான்றிதழில் மூன்றாவது விதம். இவையெல்லாம் ஒருவரே என்ற உறுதிமொழியை முன்கூட்டியே எடுத்து வைக்கலாம்.

காவல்துறைச் சான்றிதழ் விதி 16 வயதுக்குப் பிந்தைய வாழ்க்கை முழுவதையும் துழாவுகிறது. குடியுரிமை உள்ள நாட்டிலும் இப்போது வசிக்கும் நாட்டிலும் ஆறு மாதங்களுக்கு மேல் இருந்திருந்தால் அங்கிருந்தும், முன்பு வேறு எந்த நாட்டிலாவது ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்திருந்தால் அங்கிருந்தும் வாங்க வேண்டும். நம் மதுரைக்காரர் சிங்கப்பூருக்கு முன் இரண்டு வருடம் துபாயில் இருந்தவர் என்றால் மூன்று சான்றிதழ்கள். இந்தியச் சான்றிதழைச் சிங்கப்பூரிலுள்ள இந்தியத் தூதரகம் வழியே வாங்கலாம். சிங்கப்பூர்ச் சான்றிதழ் கைரேகையோடு உள்ளூர்க் காவல்துறையிடம். வளைகுடா நாட்டை விட்டு வந்து வருடங்கள் ஆனவர்களுக்குத்தான் அலைச்சல். வளைகுடாவில் இன்று வேலை பார்க்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: அந்த நாட்டை விட்டுக் கிளம்பும்போதே சான்றிதழை வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.

மருத்துவப் பரிசோதனை தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே. தடுப்பூசிகள், ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தாலும் சளி வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வர ஏறக்குறைய எட்டு வாரம். விசா பெரும்பாலும் மருத்துவ அறிக்கை செல்லும் ஆறு மாதத்துக்கே தரப்படுவதால், மிக முன்னதாகச் செய்துகொள்வதிலும் லாபமில்லை.

நேர்காணலில் ஏதாவது தாள் குறைந்தால் 221(ஜி) என்ற பிரிவில் கோப்பை நிறுத்தி வைப்பார்கள். தாளில் மறுப்பு என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கேட்டதைக் கொடுத்தால் கோப்பு மறுபடி நகரும்.

பிள்ளைகளும் கிரீன் கார்டுதாரரும்

குடிமகளின் கணவருக்கு வருடாந்திர ஒதுக்கீடு இல்லை, வரிசையும் இல்லை. அதற்கு ஒரு விலை உண்டு: அவரோடு சேர்த்து அவர் பிள்ளைகளுக்கு அதே மனுவில் விசா கிடைக்காது. கணவருக்கு முதல் திருமணத்தில் பிறந்த மகள் இருந்தால், அந்தக் குழந்தைக்கு 18 வயது ஆவதற்கு முன் இந்தத் திருமணம் நடந்திருக்க வேண்டும். அவளுக்கென்று தனியாக ஓர் ஐ-130 போட வேண்டும். தம்பதிக்குப் பிறந்த குழந்தையின் கதை வேறு. தாய் அமெரிக்காவில் மொத்தம் ஐந்து ஆண்டுகள், அதில் இரண்டு ஆண்டுகளாவது 14 வயதுக்குப் பின், வாழ்ந்திருந்தால் குழந்தை பிறப்பிலேயே அமெரிக்கர். அதற்கு விசா எதற்கு? தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து பாஸ்போர்ட் வாங்கினால் போதும்.

கிரீன் கார்டு மட்டும் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வாழ்பவர்களின் நிலை இதைவிடக் கடினம். அவர்கள் துணைக்கு வருடாந்திர ஒதுக்கீட்டு வரிசை உண்டு. அதோடு, மறுநுழைவு அனுமதி வாங்காமல் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் கிரீன் கார்டே கேள்விக்குள்ளாகும். தம் நிலையையே இழக்கும் விளிம்பில் நின்றுகொண்டு துணைக்கு மனுப் போடக் கூடாது. முதலில் அவர்கள் திரும்பிப் போய் நிலைபெறுவதே சரி.

காத்திருக்க முடியாமல், கையில் இருக்கும் சுற்றுலா விசாவில் போய் அங்கேயே கிரீன் கார்டுக்கு மாறிவிடலாம் என்று அறிவுரை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தங்கிவிடும் எண்ணத்தை மறைத்துச் சுற்றுலா என்று எல்லையில் சொன்னால் அது பொய்த் தகவல். அது நிரூபிக்கப்பட்டால் வாழ்நாள் முழுவதும் நுழையத் தடை வரலாம். ஓராண்டைச் சேமிக்கப் போய் முழு வாழ்க்கையையும் பணயம் வைக்க வேண்டாம்.

நீதிமன்றம் என்ன சொல்கிறது?

சொந்த நாட்டில் தன் கணவரோடு வாழ்வது குடிமகளின் உரிமை ஆயிற்றே என்று தோன்றும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1945 டிசம்பர் 28 அன்று, வெளிநாடுகளில் ராணுவ வீரர்கள் மணந்த பெண்களுக்காகவே ஒரு சட்டம் வந்தது. அதை நம்பிக் கப்பலேறியவர்களில் ஒருவர் எலன் நாஃப். ஜெர்மனியில் பிறந்தவர், போர்க்காலத்தில் பிரிட்டனின் விமானப்படையில் பணிபுரிந்தவர். 1948இல் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்தவரை எல்லிஸ் தீவில் நிறுத்தினார்கள். காரணம் பாதுகாப்பு என்றார்கள்; அது என்ன என்று சொல்ல மறுத்தார்கள், விசாரணையும் இல்லை. 1950இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. பத்திரிகைகளும் காங்கிரஸ் உறுப்பினர்களும் விடாமல் எழுப்பிய குரலால்தான் பிறகு அவருக்கு விசாரணை கிடைத்தது. 1951இல் உள்ளே அனுமதிக்கப்பட்டார்.

அதன் பிறகு முக்கால் நூற்றாண்டு ஓடியும் சட்டம் பெரிதாக நகரவில்லை. லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த வழக்கறிஞர் சாண்ட்ரா முனியோஸின் கணவர் எல் சால்வடோர் நாட்டவர். அங்குள்ள தூதரகம் அவருக்குக் குடியேற்ற விசாவை மறுத்து, முதலில் காரணத்தையே சொல்லவில்லை. குற்றக்கும்பலோடு தொடர்பு என்ற சந்தேகம் என்பது வழக்குப் போட்ட பிறகே வெளிவந்தது. தொடர்பே இல்லை என்று தம்பதி மறுத்தார்கள். 2024 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது: வெளிநாட்டவரான துணை நாட்டுக்குள் அனுமதிக்கப்பட வேண்டும் என்பது குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் சேராது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஏமி கோனி பாரெட். நீதிபதி சோனியா சோட்டோமேயர் அழுத்தமாக மாறுபட்டார்.

தூதரக அதிகாரியின் மறுப்பை நீதிமன்றத்தில் வெல்வது எவ்வளவு அரிது என்பதற்காகத்தான் இதை விரிவாகச் சொன்னேன். நேர்காணல் ஜன்னலுக்கு முன் முதல் தடவையே முழுமையாகப் போய் நிற்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இந்த விஷயத்தில் இடமில்லை.

நுழையும் தேதி

விசா கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தை இணையத்தில் கட்டியாயிற்று. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்கள் மிச்சம்.

கணவர் மட்டும் முன்னால் போய் வீடு பார்க்கட்டும், மனைவி வேலையை முடித்துவிட்டு வரட்டும் என்பது இயல்பான யோசனை. அது தவறான வரிசை. கணவர் நுழையும் நாளுக்குள் மனைவி அங்கே குடியேறியிருப்பார் என்ற உறுதியின் மேல்தான் விசாவே நிற்கிறது. இருவரும் ஒன்றாகப் போகலாம், அல்லது மனைவி முன்னால் போகலாம்.

இன்னொன்று திருமண நாள். 1986ஆம் ஆண்டின் சட்டப்படி, நுழையும் அன்று கல்யாணமாகி இரண்டு ஆண்டுகள் முடியவில்லையென்றால் நிபந்தனையோடு கூடிய இரண்டாண்டு கிரீன் கார்டுதான் கிடைக்கும். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஐ-751 போட்டு, கல்யாணம் உண்மை என்பதை மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். அதற்கும் கட்டணம், அதற்கும் நீண்ட காத்திருப்பு. இரண்டு ஆண்டுகள் முடிந்திருந்தால் நேராகப் பத்தாண்டு அட்டை. பார்க்கப்படுவது விசா கொடுத்த நாளில்லை, விமான நிலையத்தில் முத்திரை குத்தும் நாள். கல்யாணமாகி எட்டு மாதத்தில் மனுப் போட்ட நம் தம்பதி விசாவைக் கையில் வாங்கும்போது அந்த இரண்டாவது ஆண்டு நிறைவு சில வாரங்கள் தள்ளி இருக்கக்கூடும். விசாவுக்கு ஆறு மாதம் உயிர் இருக்கிறது, அப்பாவின் உடல்நிலையும் இடம் கொடுக்கிறது என்றால், முதல் வேலையாக நாட்காட்டியில் திருமண தேதியைப் பார்த்துவிட்டு, அதற்கு அடுத்த வாரத்துக்கு இரண்டு சீட்டு எடுக்கலாம்.